“எங்களிடம் பெண்களும் இருக்கிறார்கள், ஆசியர்களும் இருக்கிறார்கள்” என்று நிறுவனம் சொன்னால்

கேள்வி:

மதிப்புக்குரிய சட்டத்தரணி அவர்களுக்கு,

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோருடன் இலண்டனுக்கு வந்தவள். இப்போது எனக்கு 36 வயது. ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்காளர் தகுதிக்கான ஏசிசிஏ பரீட்சைகளை முடித்து ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கியல் துறையில் வேலை செய்கிறேன். அண்மையில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் நிதி முகாமையாளர் பதவிக்கு ஆள்சேர்ப்பு முகவரகம் ஒன்றின் வழியாக விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் நானே முதலாவதாக வந்ததாக முகவர் சொன்னார். ஒன்பது வாரங்களுக்கு முன் நடந்த நேர்முகத் தேர்வில், “மாத முடிவில் இரவு எட்டு மணிவரை நிற்க வேண்டி வரும், சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பீர்கள்?” என்று கேட்டார்கள். “உங்கள் சமூகத்தில் மனைவி கணவனைவிடப் பெரிய பதவியில் இருப்பதை ஏற்றுக்கொள்வார்களா?” என்றும் கேட்டார்கள். தொலைபேசியில் என் உச்சரிப்பு வாடிக்கையாளர்களுக்கு விளங்குமா என்று ஒருவர் ஐயப்பட்டார். இரண்டு வாரம் கழித்து, “எங்கள் குழுவுக்குப் பொருத்தமான ஒருவரைத் தெரிவு செய்துவிட்டோம்” என்று ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது. இன்னும் பரீட்சைகளை முடிக்காத ஒரு வெள்ளையின ஆணுக்கு அந்த வேலை கிடைத்ததாக அறிகிறேன். ஆனால் அதே பிரிவில் ஒரு குஜராத்தி ஆண் கணக்காளர் இருக்கிறார். மனிதவளப் பிரிவின் தலைவர் ஒரு வெள்ளையினப் பெண். ஆகவே இதை இனப் பாகுபாடு என்பதா, பெண் என்பதால் வந்த பாகுபாடு என்பதா, இரண்டுமே இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. “வீண் வம்பு வேண்டாம், விட்டுவிடு” என்கிறார் கணவர். அடுத்த விண்ணப்பத்தில் பெயரைச் சுருக்கி ஆங்கிலப் பெயர்போல் போடும்படி தங்கை சொல்கிறாள். நான் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது அந்தக் கேள்விகள் அல்ல, “ஒன்பது வாரங்களுக்கு முன்” என்ற சொற்கள்தான். ஆகவே மற்ற எதற்கும் முன்பாகக் காலக்கெடுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி, பாகுபாடு நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்கான முதற்படியை எடுத்துவிட வேண்டும். மார்ச் 10ஆம் திகதி நடந்த ஒன்றுக்கு ஜூன் 9ஆம் திகதியே கடைசி நாள். அந்த முதற்படி வழக்குத் தாக்கல் செய்வது அல்ல. ஏகாஸ் எனப்படும் அரச சமரச அமைப்புக்கு அறிவிப்பதுதான். அதற்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் ஒரு சிறு படிவத்தை நிரப்பினால் போதும். அறிவித்த நாளிலிருந்து சமரச முயற்சி முடியும்வரை கடிகாரம் நின்றுவிடும். இந்தக் கெடுவை ஆறு மாதமாக நீட்டுவதற்கான சட்டமாற்றம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது உங்களுக்கு உதவாது என்றே வைத்துக்கொண்டு செயற்படுங்கள். நாட்களை நிராகரிப்பு மின்னஞ்சல் வந்த திகதியிலிருந்து எண்ண வேண்டாம். நேர்முகத் தேர்வில் கேட்கப்பட்ட கேள்விகளே உங்கள் முறைப்பாட்டின் ஒரு பகுதி என்பதால், அந்த நாளிலிருந்தே எண்ணுங்கள். அப்படி எண்ணினால் உங்களுக்கு ஏறத்தாழ நான்கு வாரங்களே எஞ்சியிருக்கின்றன. தீர்ப்பாயம் நியாயமெனக் கருதினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அந்தக் கருணையை நம்பிக் காத்திருந்த பலர் வெறுங்கையுடன் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளைப் பார்ப்போம். பிள்ளைகளைப் பற்றிக் கேட்பது தன்னளவில் குற்றம் அல்ல. ஆனால் அதைப் பெண்களிடம் மட்டும் கேட்டாலோ, கிடைத்த பதிலை வைத்து முடிவெடுத்தாலோ அது பால்வழிப் பாகுபாடு. இது புதிய விளக்கம் அல்ல. 1981இலேயே, நான்கு சிறு பிள்ளைகளின் தாயான திருமதி ஹேர்லி என்ற உணவகப் பணியாளரின் வழக்கில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதைத் தீர்த்துவைத்தது. சிறு பிள்ளைகள் உள்ள பெண்கள் வேலைக்கு ஒழுங்காக வரமாட்டார்கள் என்பது அந்த உணவக உரிமையாளரின் எண்ணம். சிலர் அப்படி இருந்தாலும்கூட எல்லாரையும் அப்படியே கருதி ஒதுக்க முடியாது, எதிரில் நிற்கும் அந்த ஒருவர் நம்பத்தக்கவரா என்பதையே விசாரிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. உங்கள் இடத்தில் மூன்று வயதுப் பிள்ளையின் தந்தை அமர்ந்திருந்தால், மாத முடிவில் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று அவர்கள் கேட்டிருப்பார்களா? அந்த வேலையைப் பெற்றவரிடம் கேட்டார்களா? உங்கள் வழக்கில் பதில் தேட வேண்டிய முதற் கேள்வி இதுதான்.

“உங்கள் சமூகத்தில்” என்று தொடங்கிய கேள்வி இன்னும் கனமானது. ஓர் இனத்தவரைப் பற்றித் தாம் கேள்விப்பட்ட ஒரு படிமத்தை உங்கள்மேல் ஒட்டிவைத்து, அதற்கு நீங்கள் விளக்கம் தர வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். ஒன்பது வயது முதல் இந்த நாட்டில் வாழ்ந்து, இந்த நாட்டின் பரீட்சைகளில் தேறிய ஒருவரிடம், உங்கள் கணவர் உங்கள் பதவியைப் பொறுத்துக்கொள்வாரா என்று கேட்பதற்கும் கணக்குப் புத்தகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உச்சரிப்பைப் பற்றிய பேச்சையும் சிறியதென்று தள்ளிவிடாதீர்கள். கரோசி என்ற பிரேசில் நாட்டுப் பெண் ஹேர்ட்ஃபோர்ட்ஷையர் பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஒருவருடைய உச்சரிப்பு அவருடைய தேசிய அல்லது இன அடையாளத்தின் முக்கியமான பகுதியாக இருக்கலாம் என்றும், அதைக் குறித்துச் சொல்லப்படும் கருத்து இனத்துடன் தொடர்புடைய துன்புறுத்தலாக அமையலாம் என்றும் 2024இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியிருக்கிறது. சொன்னவரின் மனத்தில் இனப்பகை இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்கும் உண்டு. உங்கள் பேச்சு உண்மையிலேயே விளங்காத நிலையில் இருந்தால் அதை வேலையின் தேவையோடு தொடர்புபடுத்திக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டுதான். ஆனால் ஒரு மணி நேரம் உங்களுடன் ஆங்கிலத்தில் உரையாடிவிட்டு, வாடிக்கையாளருக்கு விளங்குமா என்று ஐயப்படுவது வேறு விடயம்.

இப்போது உங்களைக் குழப்பியிருக்கும் இடத்துக்கு வருகிறேன். நீங்கள் வழக்குக்குப் போனால் நிறுவனத்தின் முதல் பதில் எதுவாக இருக்கும் என்பதை நீங்களே ஊகித்துவிட்டீர்கள்: “இன வெறுப்பா? எங்கள் கணக்காளர் ஓர் ஆசியர். பெண் வெறுப்பா? எங்கள் மனிதவளத் தலைவரே ஒரு பெண்.” இந்தப் பதில் உங்களை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே மறுக்கிறது. நீங்களோ அந்த அறைக்குள் தமிழ்ப் பெண்ணாக, முழு ஆளாக நுழைந்தவர். கணவனின் அனுமதியை நாடி நிற்பவள், பிள்ளைகளைவிட்டு வெளியே வர முடியாதவள், பேச்சு விளங்காதவள் என்ற படிமம் ஆசிய ஆணுக்கும் இல்லை, வெள்ளையினப் பெண்ணுக்கும் இல்லை. அது உங்களுக்கென்றே வெட்டித் தைத்த சட்டை.

வருத்தம் என்னவென்றால், இந்த நிலையை நேரடியாகக் கையாளும் ஒரு பிரிவைச் சட்டம் எழுதியே வைத்திருக்கிறது. ஆனால் அது உறங்குகிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இரண்டு அடையாளங்கள் சேர்ந்ததால் ஒருவருக்கு இழைக்கப்படும் பாகுபாட்டைத் தனியாகவே தடைசெய்கிறது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. ஆனால் அடுத்து வந்த அரசு, தொழில் நிறுவனங்களுக்குச் சுமை என்று சொல்லி, அதை நடைமுறைக்குக் கொண்டுவரப் போவதில்லை என்று 2011இல் அறிவித்தது. இந்தப் பதிலை எழுதும் வேளையில் நான் அறிந்தவரை அது நடைமுறைக்கு வரவில்லை. நான் இதை மனக்குறையோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் என்னிடம் வரும் தமிழ்ப் பெண்களில் பெரும்பாலோருடைய கதை அந்தப் பிரிவுக்குள்தான் அடங்கும்.

அந்தப் பிரிவு இல்லாததால் நேரக்கூடிய ஆபத்தை ஒரு வழக்கு நன்றாகக் காட்டுகிறது. இங்கிலாந்துச் சட்டத்தரணிகள் சங்கத்தின் துணைத் தலைவராக இருந்த கம்லேஷ் பால் என்ற ஆசியப் பெண், தம்மீது இன, பால் பாகுபாடு காட்டப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். தீர்ப்பாயத்தில் ஒரு பகுதி வென்றார். ஆனால் மேன்முறையீட்டில் தோற்றார். மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2004இல் அதை உறுதிசெய்தது. இனத்தால் எது நடந்தது, பெண் என்பதால் எது நடந்தது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றைக் காட்டாமல் இரண்டையும் ஒன்றாகக் கலந்து முடிவுசெய்தது தவறு என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மறுபுறம், கரிபியனின் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து பிரித்தானிய இராணுவத்தில் சேர்ந்த டிலேர்ன் டெபீக் என்ற தனித்தாயின் வழக்கில், வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதும் பெண் என்பதும் சேர்ந்து உண்டாக்கிய பாதிப்பை மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. ஆகவே வழி முழுவதும் அடைபட்டுவிடவில்லை. ஆனால் நடக்கும் முறையில் கவனம் வேண்டும்.

அந்த முறை இதுதான். தீர்ப்பாயத்துக்கான உங்கள் விண்ணப்பத்தில் “இனமும் பாலும் சேர்ந்த பாகுபாடு” என்று ஒரே முறைப்பாடாக எழுதாதீர்கள். இனத்தால் நேர்ந்த நேரடிப் பாகுபாடு என்று ஒன்று, பெண் என்பதால் நேர்ந்த நேரடிப் பாகுபாடு என்று இன்னொன்று, கேள்விகளால் நேர்ந்த துன்புறுத்தல் என்று மூன்றாவது எனத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய சொற்களையும் செயல்களையும் வையுங்கள். ஓர் அடையாளம் முழுக் காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பது சட்டம். இதை நிலைநாட்டிய தீர்ப்பில் ஒரு தமிழ்ப் பெயர் இருப்பதை எங்கள் வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நாகராஜன் என்பவர், முன்பு இலண்டன் போக்குவரத்து நிறுவனத்தின்மீது இனப் பாகுபாட்டு முறைப்பாடுகள் செய்தவர். பின்னர் அங்கேயே ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது நிராகரிக்கப்பட்டார். அவருடைய பேச்சுத் திறனுக்கு இடப்பட்ட மிகக் குறைந்த புள்ளி நம்பத்தகாதது என்று தீர்ப்பாயம் கண்டது. வழக்கு, அன்று நாட்டின் உச்ச மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை சென்று 1999இல் அவர் வென்றார். பாகுபாடு காட்டுபவர் அதை உணர்ந்தே செய்ய வேண்டும் என்பதில்லை, தடைசெய்யப்பட்ட காரணம் முடிவில் குறிப்பிடத்தக்க செல்வாக்குச் செலுத்தியிருந்தாலே போதும் என்று அங்கே உறுதியாயிற்று. அப்படியானால் உங்கள் இனமும் குறிப்பிடத்தக்க காரணமாக இருந்திருக்கலாம், நீங்கள் பெண் என்பதும் குறிப்பிடத்தக்க காரணமாக இருந்திருக்கலாம். ஒன்று மற்றதை இல்லையென்று ஆக்கிவிடாது.

இந்த இடத்தில் அவர்கள் தூக்கிப் பிடிக்கும் கேடயத்தைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். அந்தக் குஜராத்திக் கணக்காளரை வேலைக்கு எடுத்தபோது, பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்களா? கேட்கவில்லை என்றால், அவரே உங்கள் பால்வழி முறைப்பாட்டுக்கு ஒப்பீட்டு ஆளாகிறார். மனிதவளத் தலைவரான அந்தப் பெண்ணிடம், உங்கள் சமூகத்தில் கணவர்கள் இதை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டார்களா? கேட்கவில்லை என்றால், அவரே உங்கள் இன முறைப்பாட்டுக்கு ஒப்பீட்டு ஆளாகிறார். பதவிகள் வேறு என்பதால் ஒப்பீடு சரியாகப் பொருந்தாது என்று அவர்கள் வாதாடலாம். அப்போதும் அதே நிலையில் இருந்திருக்கக்கூடிய ஒரு கற்பனை ஆளை வைத்து ஒப்பிடச் சட்டம் அனுமதிக்கிறது. “எங்களிடம் எல்லாரும் இருக்கிறார்கள்” என்ற பதிலைக் கேட்டு நீங்கள் பின்வாங்க வேண்டாம் என்று இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது சான்று. “நாங்கள் உங்களைத் தமிழ்ப் பெண் என்பதால் எடுக்கவில்லை” என்று எந்த நிறுவனமும் எழுதித் தராது. நீதிமன்றங்களும் இதை அறிந்தே இருக்கின்றன. 1991இல் முடிந்த செல்வி கிங் வழக்கில், சீனாவோடு உறவு வளர்ப்பதற்கென்றே அமைந்த ஒரு மையத்தின் பதவிக்குச் சீன இனத்தவர் ஐந்து பேர் விண்ணப்பித்தும், நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் அனைவரும் வெள்ளையினத்தவர். நேரடிச் சான்று கிடைப்பது அரிது என்பதால், சூழலிலிருந்து முடிவுக்கு வரலாம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அங்கே சொன்னது. இன்றைய சட்டத்தின் 136ஆம் பிரிவு அதையே இரண்டு படியாக வகுத்திருக்கிறது. பாகுபாடு நடந்திருக்கலாம் என்று கருதப் போதுமான விடயங்களை முதலில் நீங்கள் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், அது நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும். முதற்படிக்கு, நீங்கள் தமிழர், அவர் வெள்ளையினத்தவர், வேலை அவருக்குக் கிடைத்தது என்ற வேறுபாடு மட்டும் போதாது; அதற்கு மேல் ஏதாவது வேண்டும் என்று 2007இல் மடராசி வழக்கு சொன்னது. உங்களிடம் அந்த மேலதிகம் இருக்கிறது: மூன்று கேள்விகள், எழுத்துத் தேர்வு முடிவு, தகுதி குறைந்தவரின் நியமனம், காரணமற்ற ஒரு வரி நிராகரிப்பு.

ஆனால் “அறிகிறேன்” என்று நீங்கள் எழுதியிருப்பது என்னை உறுத்துகிறது. எஃபோபி என்ற நைஜீரியாவில் பிறந்த தபால் ஊழியர், கணினித் துறைப் பட்டங்கள் பெற்றிருந்தும், ரோயல் மெயிலில் முப்பதுக்கு மேற்பட்ட பதவிகளுக்கு விண்ணப்பித்து ஒன்றும் கிடைக்காமல் வழக்குத் தொடுத்தார். 2021இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் தோற்றார். வேலை கிடைத்தவர்கள் யார், அவர்களுடைய இனம் என்ன, தகுதி என்ன என்பதற்கான சான்று அவர் வழக்கில் இல்லாததே முக்கிய குறை. நிறுவனம் வாய் திறக்கவில்லை என்பதற்காகத் தீர்ப்பாயம் தானாகவே அதற்கு எதிரான முடிவுக்கு வந்துவிடாது. ஆகவே வேலை பெற்றவரைப் பற்றிய செய்தியைக் காதுவழிச் செய்தியாகவே விட்டுவிடாதீர்கள். அவருடைய தொழில்முறைப் பக்கம் இணையத்தில் இருந்தால், அதன் திகதியிட்ட படத்தை எடுத்து வையுங்கள்.

நிறுவனத்தின் கையில் இருப்பதைப் பெறுவதற்கு உங்களுக்கு ஒரு நல்ல கருவி இருக்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் எல்லாத் தகவலையும் கட்டணமின்றிக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். சிக்கலான கோரிக்கையானால் மட்டும் காலத்தை நீட்டலாம். நேர்முகத் தேர்வுக் குறிப்புகள், புள்ளித்தாள், உங்கள் பெயர் வரும் உள் மின்னஞ்சல்கள், முகவரகத்துடன் பரிமாறிய செய்திகள் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். முகவரகத்துக்கும் தனியாக ஒரு கோரிக்கை அனுப்புங்கள். அவர்களுக்கும் சமத்துவச் சட்டம் பொருந்தும், எழுத்துத் தேர்வில் நீங்கள் முதலாவதாக வந்ததற்கான பதிவும் அவர்களிடமே இருக்கும். இந்தக் கோரிக்கைக்குப் பதில் வரும்வரை ஏகாஸ் அறிவிப்பைத் தள்ளிப்போட வேண்டாம், இரண்டும் ஒரே வாரத்தில் போகட்டும். அதோடு நிறுவனத்துக்கு மரியாதையான ஒரு கடிதம் எழுதி, எந்தெந்தத் தகுதிகளில் எத்தனை புள்ளி இடப்பட்டது, பிள்ளைகளைப் பற்றிய கேள்வி எல்லா விண்ணப்பதாரரிடமும் கேட்கப்பட்டதா, “பொருத்தம்” என்று எதைக் குறிப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். திருமணத்துக்குப் பொருத்தம் பார்க்கும்போதுகூட எங்கள் ஊரில் எந்தெந்தப் பொருத்தம் உண்டு, எது இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். ஒரு பதவியை மறுப்பவர்கள் அந்த அளவு விளக்கமாவது தர வேண்டும். பதில் தரும்படி அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றாலும், பதில் தராததையும் மழுப்பிப் பதில் தந்ததையும் தீர்ப்பாயம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் பக்கத்துச் சான்று உங்கள் நினைவுதான். இன்றே உட்கார்ந்து எழுதுங்கள்: அறையில் யார் யார் இருந்தார்கள், எந்தக் கேள்வியை யார் கேட்டார், எந்த வரிசையில் கேட்டார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள். கேட்ட ஆங்கிலச் சொற்களை அப்படியே எழுதுங்கள். தமிழில் நினைத்துப் பார்த்துவிட்டு மீண்டும் ஆங்கிலத்தில் எழுதினால் சொற்கள் மாறிவிடும், குறுக்கு விசாரணையில் அந்த மாற்றமே உங்களுக்கு எதிராகத் திரும்பும். அன்று மாலை தங்கைக்கோ தோழிக்கோ வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி எழுதியிருந்தால் அதை அழிக்காதீர்கள். அன்றைய நாளின் சூட்டோடு எழுதப்பட்ட இரண்டு வரி, பின்னால் எழுதும் இருபது பக்க வாக்குமூலத்தைவிட மதிப்புள்ளது.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. பயிற்சிச் சட்டத்தரணியாக ஓர் இடத்துக்கு விண்ணப்பித்தபோது, எனக்கும் வீட்டில் கலியாணம் பேசி வைத்திருக்கிறார்களா, முடிந்ததும் வேலையை விட்டுவிடுவேனா என்று கேட்டார்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டு வெளியே வந்தேன். எவரிடமும் சொல்லவில்லை, எழுதியும் வைக்கவில்லை. மூன்று மாதம் போனபின்தான் அது எத்தகைய கேள்வி என்று எனக்கு உறைத்தது. நீங்கள் ஒன்பது வாரத்திலேயே எழுதிவிட்டீர்கள்.

பெயரைப் பற்றித் தங்கை சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நஃபீல்ட் கல்லூரி ஆய்வாளர்கள் பிரித்தானியாவில் ஏறத்தாழ 3,200 வேலைகளுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதியும் அனுபவமும் ஒன்றே. பெயரும் பின்னணியும் மட்டும் வேறு. பெரும்பான்மை வெள்ளையினப் பின்னணி கொண்டவர்களில் 24 வீதத்தினருக்குச் சாதகமான பதில் வந்தது, சிறுபான்மை இனத்தவருக்கு 15 வீதம். அதாவது அதே அளவு அழைப்பைப் பெறுவதற்கு எங்களைப் போன்றவர்கள் 60 வீதம் கூடுதலான விண்ணப்பங்களை அனுப்ப வேண்டியிருந்தது. இந்த நாட்டில் இப்படிப்பட்ட முதற் பரிசோதனை 1969இல் நடந்தது. ஐம்பது ஆண்டுகளில் பெரிய முன்னேற்றம் இல்லை என்பதே அந்த ஆய்வாளர்களுக்கும் கவலையாக இருந்தது. பெயரை மறைத்து விண்ணப்பங்களைப் படிக்கும் முறைக்கு 2015இல் அரச சேவையும் சில பெரிய நிறுவனங்களும் உறுதி தந்தன. நல்ல முறைதான், ஆனால் நேர்முகத் தேர்வின் கதவு திறந்ததும் அது முடிந்துவிடுகிறது. உங்களுக்கு அநீதி நடந்ததும் அந்தக் கதவுக்கு உள்ளேதான். சுருக்கிய பெயர் உங்களை அந்த அறைவரை கொண்டுபோய் விட்டிருக்கும், அதற்கு அப்பால் எதையும் மாற்றியிருக்காது.

அழைக்கும் பெயர் ஒன்றை சிவியில் போடுவது சட்டப்படி தவறல்ல, அடையாள ஆவணங்களில் உண்மைப் பெயர் இருக்கும்வரை. எங்கள் பெயரிடும் முறையில் தந்தையின் பெயரோ கணவனின் பெயரோ குடும்பப் பெயர் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவதால், எங்கள் பெண்களில் பலர் ஏற்கெனவே சான்றிதழில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர் என்று இருக்கிறார்கள். அதற்கு மேல் இன்னொன்றைச் சேர்த்தால் பின்னணிச் சோதனையில் விளக்கம் சொல்லும் வேலை கூடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுருக்குவதா விடுவதா என்பது உங்கள் முடிவு. வாடகையும் பிள்ளைகளின் செலவும் உங்கள் தோளில் இருக்கும்போது, கொள்கைக்காக நெடும் பெயரைத் தூக்கிப் பிடியுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் சோதித்துப் பார்க்கிறேன் என்று அதே நிறுவனத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயரில் பொய் விண்ணப்பம் அனுப்பிவிடாதீர்கள். உங்கள் நேர்மையைக் கேள்விக்குள்ளாக்க அவர்களுக்கு நீங்களே வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும்.

உங்கள் கணவர் “வம்பு” என்று சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. தீர்ப்பாயத்தில் வழக்குத் தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை; முன்பு இருந்த கட்டணத்தை 2017இல் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று நீக்கியது. தோற்றாலும் மறுதரப்பின் செலவைப் பொதுவாக நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் விசாரணைக்கு ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருக்க நேரலாம், தீர்ப்பு இணையத்தில் வெளியாகும், இனப் பாகுபாட்டு வழக்குகளில் இறுதி விசாரணைவரை சென்று வெல்வன சிறு பகுதியே. பல முறைப்பாடுகள் அதற்கு முன்னரே சமரசத்தில் முடிகின்றன. வென்றால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. மனப் பாதிப்புக்கான தொகையை அதன் கடுமைக்கேற்ப மூன்று பட்டைகளாகப் பிரிப்பார்கள். கீழ்ப்பட்டை, 2025 ஏப்ரல் 6ஆம் திகதி முதல் தாக்கலான வழக்குகளுக்கு £1,200 முதல் £12,100 வரை என்று வகுக்கப்பட்டது. நடுப்பட்டை £36,400 வரை சென்றது. சம்பள இழப்பைக் கணக்கிடும்போது, பாகுபாடு இல்லாதிருந்தால் அந்த வேலை உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்பு எத்தனை வீதம் என்று பார்ப்பார்கள்; நீங்கள் இப்போதும் வேலையில் இருப்பதால் அந்தத் தொகை பெரிதாக இராது. பணத்துக்காக மட்டும் இதில் இறங்குவதானால், வேண்டாம் என்றே சொல்வேன். முறைப்பாடு செய்தவர் என்பதற்காகப் பின்னர் எவராவது உங்களைப் பழிவாங்கினால் அதுவும் சட்டப்படி தனிக் குற்றச்சாட்டு. நாகராஜன் வென்றது அந்த வகை வழக்கில்தான்.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஏகாஸுக்கு அறிவிப்பது வழக்குப் போடுவது ஆகாது. அது கதவைத் திறந்து வைப்பது மட்டுமே. குறிப்புகளும் புள்ளித்தாளும் கைக்கு வந்தபின், உள்ளே போவதா திரும்புவதா என்று இருவரும் சேர்ந்து முடிவெடுக்கலாம். இன்று அறிவிக்காமல் விட்டால், அந்த முடிவை உங்களுக்காகத் திகதி எடுத்துவிடும்.

இந்த இடத்தில் எங்கள் சமூகத்துக்கும் ஒரு சொல். கடையோ, பராமரிப்பு இல்லமோ, கணக்காளர் அலுவலகமோ நடத்தும் தமிழ்த் தொழில்தருநர்களும், வேலை கேட்டு வரும் பெண்ணிடம் கலியாணம் ஆகிவிட்டதா, பிள்ளை எப்போது, எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்று விசாரிப்பதை நான் அறிவேன். “யாருடைய ஆட்கள்” என்பதன் பொருள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதே 2010ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும்.

செலவில்லாத ஆலோசனைக்கு, சமத்துவ ஆலோசனை மற்றும் ஆதரவுச் சேவையின் தொலைபேசி உதவி உண்டு. உங்கள் பகுதியில் சட்ட மையம் இருந்தால் அங்கே ஒரு சந்திப்புக்குப் பதிவுசெய்யுங்கள். தொழிற்சங்க உறுப்பினராக இருந்தால், வேலைக்கு விண்ணப்பித்தபோதே உறுப்பினராக இருந்தீர்களா என்று கேட்பார்கள். அதற்கான சான்றை எடுத்து வையுங்கள். வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பலர் அறியாமலேயே அதில் சட்டச் செலவுக்கான காப்பும் சேர்ந்திருக்கும், ஆனால் வழக்குத் தொடங்குமுன் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். வட அயர்லாந்தில் சட்டம் வேறு என்பதால், இதைப் படிக்கும் அப்பகுதி வாசகர்கள் அங்குள்ள சமத்துவ ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளவும்.

புள்ளித்தாள் வந்ததும், அடுத்தவர்களின் பெயர்களை மறைத்துவிட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தவருக்கு எந்தக் கட்டத்தில் புள்ளி குறைந்தது என்பதை உங்களுடன் சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.